வயதானவர்களின் மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வியை, அவர் வார்த்தைகளிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 74. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. நரம்பியல் டாக்டரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அதன் கடைசியில் நான்கு வரிகள்: ‘வயது சார்ந்த செரிப்ரல் அட்ரோஃபி’, ‘கிரானிக் ஸ்மால் வெசல் இஸ்கெமிக் சேஞ்சஸ், ஃபசேகாஸ் கிரேடு 2’, ‘இடது பக்கம் பழைய லாக்குனார் இன்ஃபார்க்ட்’, ‘அக்யூட் இன்ஃபார்க்ட் இல்லை’. மூளை சுருங்கிவிட்டது, ரத்தம் போகவில்லை, பக்கவாதம் வந்திருக்கிறது என்று வீடே உடைந்துபோயிருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இது டிமென்ஷியாவா?

நான் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை எழுதும் பக்கத்தில் இருப்பவன். ரேடியாலஜி என் வேலை. வயதானவர்களின் மூளைப் படத்தைப் பார்க்காமல் ஒரு நாள் கழிவது அரிது. நேரடிப் பதிலை முதலிலேயே தந்துவிடுகிறேன். அந்த நான்கு வரிகளில் எதுவும் ‘டிமென்ஷியா’ என்று சொல்லவில்லை. ‘டிமென்ஷியா இல்லை’ என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் சக்தி அந்தப் படத்துக்குக் கிடையாது. முதல் வரிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து ரத்தக் குழாய்களைக் கவனிக்கச் சொல்கின்றன, அங்கே நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நான்காவது வரி நல்ல செய்தி.

இனி கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ரிப்போர்ட் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதி பயம் தானாகவே குறையும்.

என் முன்னால் இருக்கும் திரையில் உங்கள் அம்மாவின் மூளை சில நூறு படங்களாக வந்து நிற்கிறது. கூடவே அவரை அனுப்பிய டாக்டரின் சீட்டு. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: ‘மறதி’ அல்லது ‘தலைசுற்றல்’. அவர் எப்படி நடக்கிறார், கணக்கு வழக்கைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாரா, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று எதுவும் எனக்குத் தெரியாது. ஆகவே நான் பார்த்ததையெல்லாம் எழுதிவிட்டு, ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ தேவை என்று முடிக்கிறேன். ஏதோ மறைக்கிறோம் என்று பலர் அந்த வரியைப் பார்த்து நினைக்கிறார்கள். அதன் பொருள் எளிமையானது: ஆளை நேரில் பார்ப்பவர்தான் இந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ‘ஃபைண்டிங்ஸ்’ என்ற நீளமான பகுதியில் கண்ணில் பட்டதெல்லாம் இருக்கும். ‘இம்ப்ரெஷன்’ என்ற கடைசிப் பகுதியில்தான் முக்கியம் என்று நான் கருதியது இருக்கும். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

சுருக்கத்துக்கு வருவோம். ‘அட்ரோஃபி’ என்றால் கொஞ்சம் கன அளவு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்த ஒருவரின் மூளை 1300 முதல் 1400 கிராம் வரை இருக்கும். 60 வயதைத் தாண்டினால் ஆண்டுக்குச் சுமார் அரை விழுக்காடு கன அளவு குறைவது சாதாரணம். மண்டையோடு சுருங்காது, ஆகவே விட்டுப்போன இடத்தை மூளைத் தண்டுவட நீர் நிரப்பிக்கொள்ளும். படத்தில் மூளையின் மடிப்புகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் அகன்று தெரியும், நடுவிலிருக்கும் வென்ட்ரிக்கிள் என்ற நீர் அறைகள் பெரிதாகத் தெரியும். 74 வயது மூளை 30 வயது மூளை மாதிரி இருந்தால்தான் நான் மறுபடி பெயரைச் சரிபார்ப்பேன். ‘வயது சார்ந்த’ அல்லது ‘வயதுக்கு ஏற்ற’ என்று எழுதியிருந்தால், இந்த வயதில் எதிர்பார்ப்பதுதான் இருக்கிறது என்று பொருள். ‘வயதை மீறிய’ என்றோ, ஒரு குறிப்பிட்ட பகுதியின் பெயரைச் சொல்லி அங்கே சுருக்கம் என்றோ இருந்தால்தான் நின்று கவனிக்க வேண்டும்.

எந்தப் பகுதி என்பது மிக முக்கியம். மறதிக்காக வந்தவரின் படத்தில் நான் முதலில் தேடிப் போகும் இடம் ஹிப்போகாம்பஸ். புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் நினைவில் பதிப்பது அதன் வேலை. ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நேராக நறுக்கினாற்போல் இருக்கும் கொரோனல் படங்களில் அதைப் பார்க்கலாம். மூளையின் இரு பக்கமும், கீழ்ப்புறத்தில், நெற்றிப்பொட்டின் உள்பக்கமாக, சுருட்டிவைத்த சிறிய துணிச்சுருள் போலத் தெரியும். ஆரோக்கியமாக இருந்தால் அது தடித்து, சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சுருங்கத் தொடங்கினால் முதலில் அதன் மேல் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடாக நீர் தெரியும். அப்புறம் பக்கத்து நீர் அறையின் முனை அகலும், கடைசியில் சுருளின் உயரமே தட்டையாகிவிடும். இதை 0 முதல் 4 வரை மதிப்பிடும் ஒரு அளவுகோலை பிலிப் ஷெல்டன்ஸ் குழுவினர் 1992-இல் கொடுத்தார்கள். 75 வயதுக்குக் கீழே 2 அல்லது அதற்கு மேல் என்றால் இயல்பை மீறியது. 75-ஐத் தாண்டியவருக்கு 3 அல்லது அதற்கு மேல் என்றால்தான் அப்படிக் கொள்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் இது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்: “ஹிப்போகாம்பஸ் எப்படி இருக்கிறது, மதிப்பீடு எவ்வளவு?” மறதிக்காக எடுத்த ஸ்கேனில் இதைக் குறிப்பிடாமல் விடுவது குறைதான் என்பது என் கருத்து.

ஆனால் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தால் மட்டும் அல்சைமர், அதாவது டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகை, என்று முடிவுகட்ட முடியாது. பழைய வலிப்பு, ரத்த ஓட்டக் குறைவு, வேறு வகை நரம்புத் தேய்வு ஆகியவையும் அதைச் சுருக்கும். அல்சைமரின் ஆரம்பத்தில் அது கிட்டத்தட்ட இயல்பாகவே தோன்றுவதும் உண்டு.

அடுத்தது, நீங்கள் ‘ரத்தம் போகவில்லை’ என்று மொழிபெயர்த்துக்கொண்ட வரி. ரிப்போர்ட்டுகளில் வீட்டாரை அதிகம் கலங்கவைப்பது இதுதான். ‘ஸ்மால் வெசல்’ என்றால் மூளைக்குள் ஆழமாக இறங்கும் முடியளவு மெல்லிய ரத்தக் குழாய்கள். பல வருடத்து ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, அப்புறம் வெறும் வயது, இவையெல்லாம் அந்தக் குழாய்களின் சுவரைத் தடிக்கவைத்து விறைப்பாக்குகின்றன. அவை ஊட்டம் கொடுக்கும் வெண்பொருள், அதாவது மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிக் கட்டு, மெல்ல நைந்துபோகிறது. ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் அந்த இடங்கள் வெள்ளையாகப் பளிச்சிடும். ரிப்போர்ட்டைப் பொறுத்து இதற்குப் பல பெயர்கள்: வெண்பொருள் மாற்றம், லூக்கோஅரையோசிஸ், மைக்ரோஆஞ்சியோபதி, வொயிட் மேட்டர் ஹைப்பர்இன்டென்சிட்டி. எல்லாம் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கின்றன. இரண்டு ஸ்கேனில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு நோய் என்று நினைக்க வேண்டாம்.

இது எவ்வளவு பரவலானது தெரியுமா? நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 60 முதல் 90 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நோயாளிகளை அல்ல, ஊரில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தவர்களை. இந்த வெள்ளை மாற்றம் கொஞ்சமும் இல்லாதவர்கள் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. அந்த வயதில் இது தலைமுடி நரைப்பது போலப் பொதுவானது. ஆனால் நரையோடு ஒப்பிட்டு ஒதுக்கிவிடவும் கூடாது, ஏனென்றால் அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறது. அதை அளக்கத்தான் ஃபசேகாஸ். ஃபிரான்ஸ் ஃபசேகாஸ் என்ற ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் 1987-இல் தந்த மதிப்பீடு இது. 0 என்றால் ஒன்றும் இல்லை. 1 என்றால் அங்கங்கே தனித்தனிப் புள்ளிகள். 2 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருக்கின்றன. 3 என்றால் பெரிய திட்டுகளாகச் சேர்ந்துவிட்டன.

1 என்பதை இந்த வயதில் நான் இயல்பாகவே எடுத்துக்கொள்வேன். 3 என்பது நிச்சயம் பொருட்படுத்த வேண்டியது. ஐரோப்பாவில் பல மையங்கள் சேர்ந்து, தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்த முதியவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தன. லாடிஸ் என்பது அந்த ஆய்வின் பெயர். கடுமையான வெண்பொருள் மாற்றம் இருந்தவர்கள் பிறர் உதவியை நாட வேண்டிய நிலைக்குப் போகும் ஆபத்து, லேசாக இருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. இதில் முதலில் தளர்வது பெரும்பாலும் நடையும் வேகமும்தான்: எழுந்து நடக்கத் தடுமாற்றம், யோசித்துப் பதில் சொல்லத் தாமதம், மனச்சோர்வு. உங்கள் அம்மாவின் 2 நடுவில் நிற்கிறது. இன்று அவருக்கு இருக்கும் மறதியை அது ஒன்றே விளக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இனிமேல் கூடவிடக் கூடாது என்று சொல்வேன்.

மூன்றாவது வரி, ‘லாக்குனார் இன்ஃபார்க்ட்’. ஒரு சிறு குழாய் அடைத்துப்போய், அது ஊட்டிய துளியூண்டு இடம் பழுதாகி, நாளடைவில் நீர் நிறைந்த சின்னக் குழியாக நின்றுவிடுவது. அளவு 3 முதல் 15 மில்லிமீட்டர், அதாவது கடுகை விடக் கொஞ்சம் பெரியதிலிருந்து கொண்டைக்கடலையை விடப் பெரியது வரை. லாக்கூன் என்ற பெயருக்கே சிறு குழி என்றுதான் பொருள். ஆக, பக்கவாதம் வந்திருக்கிறதா என்றால், ஆமாம், மிகச் சிறியது ஒன்று எப்போதோ வந்து போயிருக்கிறது. கை கால் விழாமல், யாருக்கும் தெரியாமல். இதைச் சத்தமில்லாத பக்கவாதம் என்பார்கள். இதுவும் அபூர்வமல்ல. அதே ரோட்டர்டாம் ஆய்வில் 60 முதல் 90 வயதுக்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு இப்படிப்பட்ட தடம் இருந்தது.

இதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இத்தகைய தடம் இருந்தவர்களைப் பின்தொடர்ந்தபோது, அவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்தது என்று அதே ஆய்வின் 2003-ஆம் ஆண்டு முடிவு சொல்கிறது. ஆபத்து என்றுதான் சொன்னேன், விதி என்று சொல்லவில்லை. தடம் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த ஆய்வுக் காலத்தில் டிமென்ஷியா வரவில்லை. இந்த வரியை ஒரு முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு செயலில் இறங்குவதே சரி.

என்ன செயல்? முதலில் ரத்த அழுத்தம். இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 9361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்திருந்தவர்களைவிட லேசான அறிதிறன் குறைபாடு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக ஏற்பட்டது. முழு டிமென்ஷியா குறைந்ததா என்பதில் புள்ளிவிவரப்படி உறுதியான முடிவு கிடைக்கவில்லை. ஆனால் ஸ்கேனில் வெள்ளை மாற்றம் வளர்ந்த வேகம் தெளிவாகக் குறைந்தது: நான்கு ஆண்டுகளில் 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்குக் கூடியது 0.92 கன சென்டிமீட்டர், மற்றவர்களுக்கு 1.45. ரிப்போர்ட்டில் நீங்கள் பார்த்துப் பயந்த அதே வெள்ளைப் புள்ளிகளைத்தான் சொல்கிறேன். அவற்றின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியும். அதே சமயம், எழுந்து நின்றால் கண் இருட்டும் அளவுக்கு அழுத்தத்தைக் குறைப்பதும் தவறு. 74 வயதில் ஒருமுறை விழுந்தாலே இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். எந்த எண் அம்மாவுக்குப் பொருத்தம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கூடவே சர்க்கரை, கொலஸ்ட்ரால், கழுத்து ரத்தக் குழாய், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருக்கிறதா என்று ஒரு ஈ.சி.ஜி., இவற்றையும் பார்க்கச் சொல்வார். ‘இன்ஃபார்க்ட்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமல் நீங்களே ஆஸ்பிரின் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

நான்காவது வரி எளிது. இப்போது, இந்த வாரம், அடைப்பு ஏற்பட்டிருந்தால் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் அது விளக்கு போட்டாற்போல் தெரியும். அது இல்லை. ‘டிஃப்யூஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன் இல்லை’ என்று எழுதியிருந்தாலும் இதே பொருள்தான்.

உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இல்லாத சிலவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அவைதான் தேவைப்படும். பெயர் கேட்டால் பெரிதாகப் பயமுறுத்தாதவை, ஆனால் கண்டுபிடித்தால் ஆளையே திருப்பித் தரக்கூடியவை இரண்டு உண்டு.

ஒன்று, ‘க்ரானிக் சப்டியூரல் ஹெமடோமா’. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம். வயதில் மூளை கொஞ்சம் சுருங்குவதால், மூளையையும் உறையையும் இணைக்கும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். அலமாரிக் கதவில் தலை இடித்தாலே ஒன்று அறுந்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். இடித்ததே மறந்துபோன பிறகு, சில வாரங்கள் கழித்து, குழப்பம், தூக்கம், ஒரு பக்கக் காலில் இழுப்பு என்று தொடங்கும். வயசாகிவிட்டது, அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சி.டி. படத்தில் பிறை வடிவில் மூளையின் ஓரத்தை அழுத்திக்கொண்டு தெரியும். புதிய ரத்தம் வெள்ளையாகவும், பழையது கறுப்பாகவும் இருக்கும். நடுவில், இரண்டு மூன்று வாரத்தில், மூளையின் சாம்பல் நிறத்திலேயே கலந்து நிற்கும் ஒரு கட்டம் உண்டு. அப்போது பிறையைத் தேடக் கூடாது, மடிப்புகள் ஒரு பக்கம் மட்டும் ஓரம்வரை வராமல் உள்ளே தள்ளிப்போயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மண்டையில் சிறு துளையிட்டு அந்த ரத்தத்தை வடித்துவிட்டால் பலர் பழையபடி பேசி நடக்கிறார்கள். நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேகமாக மாறிய முதியவர் யாராக இருந்தாலும் ஸ்கேன் அவசரம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோசெஃபலஸ்’. நீர் அறைகள் சுருக்கத்தின் அளவுக்கு மீறிப் பெருத்துப்போவது. கொலம்பிய மருத்துவர் சாலமோன் ஹக்கீம் இதைக் கண்டறிந்து, அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸுடன் சேர்ந்து 1965-இல் விவரித்தார். ஒருமுறை எனக்கு வந்த சீட்டில் ‘மறதி’ என்று மட்டும் இருந்தது. படத்தில் அறைகள் பெரிது. வயதுச் சுருக்கம் என்று எழுதிவிட்டுப் போகும்படியான தோற்றம்தான். ஆனால் உச்சிப் பக்கத்து மடிப்புகள் அகலாமல், நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. மூளை முழுவதும் சுருங்கியிருந்தால் அவையும் அகன்றிருக்க வேண்டுமே என்று உறுத்தியது. வெளியே காத்திருந்த மகளிடம் போய் “அப்பா எப்படி நடக்கிறார்?” என்று கேட்டேன். பெரியவரே எழுந்து நடந்து காட்டினார். கால்களைச் சற்று அகட்டிக்கொண்டு, பாதத்தைத் தரையிலிருந்து பிரிக்க முடியாதவர் போல, தேய்த்துத் தேய்த்து. சுவர்வரை போய், அங்கே உடம்பைத் திருப்புவதற்கே ஏழெட்டு அடி தேவைப்பட்டது. மகள் தயங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஆறு மாசமா பாத்ரூம் போறதுக்குள்ள ஆயிடுது, அவருக்கு ரொம்ப அவமானம், அதான் டாக்டர்கிட்ட சொல்லல” என்றார். நடை, சிறுநீர், மறதி மூன்றும் வந்துவிட்டன. முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு மறுபடி நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அதில் அவர் நடை தேறியது, பிறகு நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் வைத்தார்கள். மறதி அவ்வளவாகத் திரும்பவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் தானே கழிப்பறைக்கு நடந்து போனார். அவருக்கு அது பெரிய விஷயம். அந்த மகள் சொன்ன ஒரு வாக்கியம் இல்லாமல் என் ரிப்போர்ட் வேறு மாதிரி போயிருக்கும்.

‘மைக்ரோபிளீட்’ என்று இருந்தால், பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்து ஆறிய தழும்பு. எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எத்தனை, எங்கே என்பதே கேள்வி. மூளையின் ஆழத்தில் என்றால் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பின் வேலை. ஓரங்களில் மட்டும் என்றால், ரத்தக் குழாய்ச் சுவரில் அமைலாய்டு என்ற புரதம் படிவது காரணமாக இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் இதை டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும், ஆனால் அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அல்சைமருக்குப் புதிதாக வந்திருக்கும் லெக்கனெமாப் போன்ற மருந்துகளின் ஆய்வுகளில் இந்தப் புள்ளிகள் நான்குக்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. மருந்தே மூளையில் வீக்கமோ கசிவோ உண்டாக்கக்கூடும் என்பதுதான் காரணம்.

அப்புறம், தேடாமல் கிடைப்பவை. சராசரியாக 63 வயதுள்ள 2000 பேரைப் பார்த்ததில், ரத்தக் குழாய் வீக்கம் 1.8 விழுக்காட்டினருக்கும், சாதுவான கட்டிகள் 1.6 விழுக்காட்டினருக்கும் தற்செயலாகத் தெரியவந்தன. இதுவும் ரோட்டர்டாம் கணக்குதான், 2007-இல் வெளியானது. அந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை மெனிஞ்சியோமா, அதாவது மூளை உறையில் மெதுவாக வளர்வது. சிறியதாக இருந்தால் பல சமயம் இடைவெளி விட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும். சி.டி.யில் பீனியல் சுரப்பியிலும் கோராய்டு பிளெக்ஸஸிலும் சுண்ணாம்புப் படிவு என்று எழுதியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ‘விர்ச்சோ ராபின் ஸ்பேஸ்’, சிறிய அரக்னாய்டு சிஸ்ட், சைனஸ் சவ்வுத் தடிப்பு, இவையும் பெரும்பாலும் அப்படித்தான். கண்ணில் பட்டதை எழுதாமல் விட முடியாது என்பதால் எழுதுகிறோம்.

படம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். 1988-இல் ராபர்ட் காட்ஸ்மனும் உடனிருந்தவர்களும், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்து மறைந்த 137 பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு மூளையில் அல்சைமரின் படிவுகள் நிறைந்திருந்தன. ஆனால் வாழ்ந்த காலத்தில் அவர்கள் யோசனையிலும் நினைவிலும் நன்றாகவே இருந்தார்கள். எடை போட்டால் அவர்கள் மூளை மற்றவர்களுடையதைவிடக் கனமாகவும் இருந்தது. இன்று பெட் ஸ்கேனில் அமைலாய்டைப் படமெடுக்க முடிகிறது. அங்கேயும் இதே கதை: நன்றாக இருக்கும் முதியவர்கள் பலருக்கும் அது பாசிட்டிவ் ஆகிறது. அதனால்தான் மறதி எதுவும் இல்லாதவருக்கு ஒரு நிம்மதிக்காக அந்த ஸ்கேனை எடுக்க வேண்டாம் என்று சொல்கிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. படம் சுத்தமாக இருக்கும், ஆள் தடுமாறுவார். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை, சரியாகக் காது கேளாமை, இவையெல்லாம் மறதி போலவே வரும். ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மாத்திரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகள், சிறுநீர் அடக்கக் கொடுக்கும் சில மருந்துகள், இவை முதியவர்களின் நினைவை மங்கவைக்கும். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், தைலம் சொட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் வையுங்கள். நான் எழுதும் எந்த வரியைவிடவும் அது சில சமயம் அதிகம் சொல்லும்.

இந்தப் பத்து நாளில் இன்னும் இரண்டு வேலை செய்யலாம். காலையும் மாலையும் அம்மாவின் ரத்த அழுத்தத்தை, ஐந்து நிமிடம் உட்காரவைத்த பிறகு, அளந்து எழுதுங்கள். அடுத்து, ஒரு தாளில் மறதியின் கதை: எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா படிப்படியாக இறங்கியதா, ஞாபகப்படுத்தினால் நினைவு வருகிறதா, நடந்ததே இல்லை என்கிறாரா, சமையல், பணம், மருந்து இவற்றில் எதைக் கைவிட்டார், நடை மாறியதா, விழுந்தாரா. கண்ணாடியை வைத்த இடம் மறப்பது ஒரு வகை. கண்ணாடி எதற்கு என்றே ஒரு நொடி தடுமாறுவது வேறு. இந்த வித்தியாசத்தைக் கூட இருக்கும் உங்களால்தான் சொல்ல முடியும். பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால், ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருடம் முன்பும் இதே அளவு இருந்தது என்று தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டின் அர்த்தமே மாறிவிடும்.

பத்து நாள் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. திடீரென்று வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பேச்சு குழறுதல், இதுவரை வராத கடுமையான தலைவலி, ஒரே நாளில் குழப்பம். அப்போது ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கணக்கு. முதல் சில மணி நேரத்தில் சி.டி. இயல்பாகத் தெரிந்தாலும் பக்கவாதம் இல்லை என்று ஆகாது.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்டுக்கொள்வேன். மெஷினுக்குள் அசையாமல் படுத்திருந்தவர் அவர். அந்தச் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு, என்ன வரப்போகிறதோ என்று நினைத்திருப்பார். வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவரிடம் மட்டும் பேசாமலிருந்தால், இருப்பதைவிட மோசமாகவே கற்பனை செய்துகொள்வார். “வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கும்மா. சின்ன ரத்தக் குழாய்ல கொஞ்சம் தேய்மானம், எப்பவோ ஒரு சின்ன அடைப்பு வந்து ஆறியிருக்கு. புதுசா ஒண்ணும் இல்ல. பி.பி.யை நல்லா பார்த்துக்கணும்னு சொல்றாங்க. மறதிக்குக் காரணம் என்னன்னு டாக்டர் இனிமேதான் பார்க்கப் போறார்” என்று சொன்னால் போதும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பி.பி. மெஷினை அவர் கையிலேயே கொடுத்து, நோட்டில் எண்ணை அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்; எந்தெந்த நாள் அம்மா எழுத மறந்தார் என்பதும் டாக்டருக்குப் பயன்படும்.